ஆவடி டாங்கிக் குழலுக்குள் ஒரு கடலூர் கதை: யார் இந்த பெஞ்சமின் ராபின்ஸ்?

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வரும் டாங்கிகளில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம். ஒன்று அர்ஜுன், இன்னொன்று டி-90 பீஷ்மா. அர்ஜுனின் 120 மி.மீ. பீரங்கிக் குழலுக்குள் எட்டிப் பார்த்தால், உள்சுவர் முழுக்கச் சுருள் சுருளாகப் பள்ளங்கள் ஓடும். பீஷ்மாவின் 125 மி.மீ. குழலுக்குள் அப்படி எதுவும் கிடையாது. தண்ணீர்க் குழாய் மாதிரி வழுவழுன்னு இருக்கும்.

ஒரே ஊர், ஒரே தொழிற்சாலை, ஒரே ராணுவம். அப்புறம் ஏன் ஒன்றில் பள்ளம், இன்னொன்றில் இல்லை?

இந்தக் கேள்விக்கான பதிலின் முதல் பாதியை 270 வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். லண்டனில் கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைத்தவர். துப்பாக்கிக் குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை நம்பத்தகுந்த முறையில் அளந்து காட்டிய முதல் ஆள். அவர் இறந்தது இங்கிலாந்தில் இல்லை, நம்ம கடலூரில். 1751 ஜூலை 29 அன்று, 44 வயதில்.

யார் இவர்?

1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் ராபின்ஸ் பிறந்தார். அப்பா தையல்காரர். குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. போர் கூடாது, ஆயுதம் ஏந்தக் கூடாது என்பதில் குவேக்கர்கள் கறாரானவர்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பையன்தான் பின்னாளில் பீரங்கி அறிவியலுக்கு அடித்தளம் போட்டார். இளம் வயதிலேயே அந்தப் பிரிவிலிருந்து விலகியும் விட்டார்.

பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. கணக்கு மட்டும் அபாரமாக வந்தது. அவர் எழுதிய தாள்கள் லண்டனில் ஹென்றி பெம்பர்ட்டன் கைக்குப் போயின. நியூட்டனின் பிரின்கிபியா நூலின் மூன்றாம் பதிப்பைத் தயார் செய்தவர் இந்தப் பெம்பர்ட்டன். பையனின் திறமை பிடித்துப்போய் லண்டனுக்கு வரவழைத்தார். 1727-இல், 20 வயதில், ராபின்ஸ் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

வருமானத்துக்கு டியூஷன். மற்ற நேரத்தில் சண்டை, அதாவது கணக்குச் சண்டை. மோதல் விதிகள் பற்றி ஐரோப்பாவின் பெரிய கணித மேதையான ஜோஹன் பெர்னோலி எழுதியதை மறுத்தார். நியூட்டனின் நுண்கணிதத்துக்கு அடித்தளமே இல்லை என்று பிஷப் பெர்க்லி கிண்டலடித்தபோது, நியூட்டன் பக்கம் நின்று 1735-இல் ஒரு நூல் எழுதினார். எதிராளி யாராக இருந்தாலும் தயங்குகிற ஆள் இல்லை.

அதே துணிச்சல் அரசியலிலும் இருந்தது. பிரதமர் வால்போலுக்கு எதிராகத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். அதற்கான விலையை அவர் கொடுக்க வேண்டியிருந்தது. 1741-இல் ஊல்விச் நகரில் ராயல் ராணுவ அகாடமி தொடங்கியபோது, பேராசிரியர் பதவிக்கு ராபின்ஸ் முயன்றார். வேலை ஜான் முல்லர் என்பவருக்குப் போனது. அரசியல் எழுத்துதான் வாய்ப்பைக் கெடுத்தது என்பது ராபின்ஸின் நண்பர்கள் கருத்து.

அந்த வேலைக்காகத் தயார் செய்த பாடக் குறிப்புகள் வீணாகவில்லை. அவைதான் 1742-இல் பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் என்ற நூலாக வெளிவந்தன. சின்னப் புத்தகம்தான். ஆனா அதுவரை ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்ததைத் தலைகீழாக்கிவிட்டது.

குண்டின் வேகத்தை எப்படி அளந்தார்?

1740-களில் அதிவேக கேமரா கிடையாது. நொடியைத் துல்லியமாகப் பிரிக்கும் கடிகாரமும் கிடையாது. கண்ணுக்கே தெரியாத வேகத்தில் பாயும் குண்டின் வேகத்தை எப்படி அளப்பது?

ராபின்ஸ் குண்டைத் துரத்தவில்லை. குண்டை எதிலாவது மோதவிட்டு, அந்த எதிலாவதை அளந்தார். ஏறக்குறைய 25 கிலோ எடையுள்ள ஓர் ஊசல், அதன் முகத்தில் கனமான மரப்பலகை. துப்பாக்கியால் சுட்டால் குண்டு பலகைக்குள் புதைந்துவிடும். அந்த உதையில் ஊசல் பின்னால் போகும். ஊசலின் அடியில் கட்டிய ஒரு ரிப்பன் எவ்வளவு தூரம் இழுபட்டது என்று பார்த்தால், ஊசல் எவ்வளவு ஆடியது என்று தெரிந்துவிடும்.

இதற்குப் பின்னால் இருப்பது பள்ளிக்கூடத்தில் படிக்கும் உந்த அழிவின்மை விதிதான். குண்டின் எடை சுமார் 38 கிராம். ஊசல் அதைவிட ஏறக்குறைய 670 மடங்கு கனம். ஆகவே மோதிய பிறகு ஊசல் நகரும் வேகம் குண்டின் வேகத்தில் தோராயமாக 670-இல் ஒரு பங்குதான் இருக்கும். குண்டு நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வந்தால், ஊசல் ஒரு மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்தில் அசையும். அதைக் கண்ணால் பார்க்கலாம், ரிப்பன் வச்சு அளக்கலாம். ஊசலின் வடிவம், குண்டு பட்ட இடம் இவற்றையும் ராபின்ஸ் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கிடைத்த விடை பலரை உலுக்கியது. சாதாரணக் காலாட்படைத் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கும் மேல் போகிறது. ஒலியைவிட வேகம்!

காற்று இவ்வளவு பெரிய எதிரியா?

அளந்ததோடு அவர் நிற்கவில்லை. அதே ஊசலைத் துப்பாக்கியிலிருந்து தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். தூரம் கூடக்கூட குண்டின் வேகம் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தார்.

கலிலியோ காலத்திலிருந்து, எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் போகும் என்பது பாடம். காற்றுத் தடையைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. ஈயம் எங்கே, காற்று எங்கே என்ற நினைப்பு. ராபின்ஸின் கணக்கு வேறு மாதிரி சொன்னது. முழு வேகத்தில் போகும் குண்டின் மீது காற்று கொடுக்கும் எதிர்ப்பு, அந்தக் குண்டின் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல். அப்படின்னா பரவளையத்தை நம்பித் தூரக் கணக்குப் போட்ட பீரங்கி அட்டவணைகள் அத்தனையும் தப்பு.

இன்னொன்றையும் கவனித்தார். வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் காற்றின் எதிர்ப்பு திடீரென்று எகிறுகிறது. ஜெட் விமானங்கள் வந்த பிறகு 20-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்தின் முதல் தடயம் இது. ஒரு மர ஊசலை வச்சு அவர் அதைப் பிடித்தார்.

இந்த நூலை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? 18-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணித மேதை லியோனார்ட் ஆய்லர். 1745-இல் வந்த அந்த மொழிபெயர்ப்பில், மூல நூலைவிட ஆய்லர் எழுதிய விளக்கம் பல மடங்கு நீளம். பிறகு அது பிரெஞ்சுக்கும் போனது. இளம் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த நெப்போலியனும் ராபின்ஸின் நூலைப் படித்துக் குறிப்பெடுத்திருக்கிறார். 1746-இல் ராயல் சொசைட்டி தன் உயரிய விருதான காப்ளி பதக்கத்தை ராபின்ஸுக்கு வழங்கியது.

வளைந்த துப்பாக்கி எதைக் காட்டியது?

வேகம் தெரிந்தாயிற்று. ஆனால் ஒரு புதிர் பாக்கி. அசையாமல் கட்டி வைத்த துப்பாக்கியிலிருந்து ஒரே அளவு மருந்து போட்டுப் பத்து முறை சுட்டாலும், குண்டுகள் பத்து இடத்தில் விழுகின்றன. ஏன்?

அன்றைய குண்டு உருண்டை வடிவம். குழலைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். அப்போதுதான் வாய் வழியாகச் சுலபமாகப் போட முடியும். சுடும்போது அது குழலின் உள்சுவரில் அங்கேயும் இங்கேயும் தட்டி உருண்டுதான் வெளியே வரும். அந்த உருளல்தான் காற்றில் குண்டை விலக வைக்கிறது என்பது ராபின்ஸின் சந்தேகம்.

சோதித்துப் பார்க்க ஒரு துப்பாக்கியின் குழல் முனையை லேசாக இடப்பக்கம் வளைத்தார். எதிரே வெவ்வேறு தூரங்களில் மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டினார். பொது அறிவுப்படி குண்டு இடப்பக்கம் போக வேண்டும். முதலில் அப்படித்தான் போனது. ஆனா போகப் போக வளைந்து திரும்பி, கடைசியில் வலப்பக்கம் போய் விழுந்தது. வளைவின் வெளிச்சுவரை ஒட்டி உருண்டு வந்ததால் குண்டுக்கு ஒரு சுழற்சி கிடைத்தது. அந்தச் சுழற்சி காற்றில் அதை வலப்பக்கம் இழுத்தது.

சேப்பாக்கத்தில் சுழற்பந்து வீச்சாளர் போடும் பந்து காற்றிலேயே விலகிப் போகிறதே, அதே இயற்பியல்தான் இது. இதை இன்று மேக்னஸ் விளைவு என்கிறோம். ஜெர்மன் விஞ்ஞானி மேக்னஸ் இதை ஆராய்ந்தது 1852-இல். ராபின்ஸ் காட்டியது அதற்கு நூறு வருடங்களுக்கு முன்னால்.

சுழற்சியே பிரச்சினை என்றால், சுழற்சியே தீர்வானது எப்படி?

1747 ஜூலையில் ராயல் சொசைட்டியில் ராபின்ஸின் ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. தலைப்பே ரைஃபிள் குழல்களின் இயல்பும் அனுகூலமும் பற்றியது.

குழலுக்குள் சுருள் பள்ளம் வெட்டும் பழக்கம் அப்போதே இருந்தது. ஜெர்மனியின் வேட்டைக்காரர்கள் பரம்பரையாக அதை வைத்திருந்தார்கள். குறி தப்பாது என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் தப்பாது என்றுதான் தெரியாது. குண்டு திருகு ஆணி மாதிரி காற்றைத் துளைக்கிறது என்று சிலர் சொன்னார்கள். பள்ளத்தில் உரசி வருவதால் மருந்தின் முழு சக்தியும் கிடைக்கிறது என்றார்கள் வேறு சிலர். பள்ளம் எத்தனை, எவ்வளவு ஆழம், எவ்வளவு சாய்வு என்பதெல்லாம் பட்டறைக்காரரின் இஷ்டம்.

ராபின்ஸ் சொன்ன காரணம் எளிமையானது. சுழற்சியை ஒழிக்க முடியாது. ஆனால் அது எந்த அச்சில் சுழல வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். சாதாரணக் குழலில் குண்டு தறிகெட்டு உருள்வதால், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் விலகுகிறது. சுருள் பள்ளம் உள்ள குழல், குண்டு போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழற்றிவிடும். அப்போது காற்றின் எதிர்ப்பு எல்லாப் பக்கமும் சமமாகிவிடும். விலகுவதற்குக் காரணமே இல்லை.

அதற்கு மேலும் இரண்டு யோசனைகள் சொன்னார். குண்டு உருண்டையாக இருக்க வேண்டியதில்லை. முட்டை வடிவில், கனமான முனை முன்னால் இருக்குமாறு நீளமாகச் செய்யலாம். வாய் வழியாக இடித்து ஏற்றுவதைவிட, பின்பக்கமாகக் குண்டு போடும் துப்பாக்கியே சிறந்தது. நீள்குண்டு, பின்வழி ஏற்றம், சுருள் பள்ளம். இன்றைய ரைஃபிள் என்பது இந்த மூன்றும்தான். ரைஃபிளின் தன்மையை முதலில் புரிந்துகொண்டு தன் படைக்குக் கொடுக்கும் நாடு மற்ற எல்லா நாடுகளையும் மிஞ்சிவிடும் என்றும் அந்தக் கட்டுரையை முடிக்கும்போது எச்சரித்தார்.

குண்டைப் பார்த்துத்தான் குழல்: இன்றைய பட்டறைக் கணக்கு

ராபின்ஸ் போட்ட அடித்தளம் இன்றும் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, போட்டித் துப்பாக்கிகளுக்குத் தனியாகப் பேரல் செய்யும் வேலையைப் பார்த்தாலே போதும். அங்கே முதல் கேள்வி பேரலைப் பற்றியது இல்லை. எந்த எடைக் குண்டைச் சுடப் போகிறீர்கள் என்பதுதான்.

காரணம் இதுதான். குழலின் விட்டம் மாறாது. அதனால் குண்டு கனமாக வேண்டுமானால், அது நீளமாகத்தான் ஆக முடியும். நீளமான குண்டு காற்றில் கவிழப் பார்க்கும். உயரமான பம்பரத்தை நிற்க வைக்க வேகமாகச் சுழற்ற வேண்டியிருப்பது போல, நீளமான குண்டுக்கும் அதிகச் சுழற்சி வேண்டும். அதாவது, பள்ளம் ஒரு முழுச் சுற்றைக் குறைந்த நீளத்துக்குள் முடிக்க வேண்டும். இதற்கான சூத்திரத்தை 1879-இல் தந்தவர் ஆல்ஃபிரட் கிரீன்ஹில். அவர் பாடம் நடத்தியது, ராபின்ஸுக்கு வேலை கிடைக்காமல் போன அதே ஊல்விச் ஊரில்.

ஓர் உதாரணம். அமெரிக்காவின் எம்-16 ஏ1 ரைஃபிளில் குண்டு சுமார் 3.6 கிராம். பள்ளம் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பிறகு வந்த ஏ2 மாடலில் குண்டு 4 கிராம் ஆனது. கூடவே இன்னும் நீளமான ட்ரேசர் குண்டும் வந்தது. பள்ளத்தை 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இறுக்க வேண்டியதாயிற்று. அரை கிராம்கூட ஏறவில்லை, குழலையே மாற்ற வேண்டி வந்தது.

அடுத்தது சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை. அதற்கும் பள்ளம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே பள்ளமில்லாத ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதைத் தொண்டை என்பார்கள். தொண்டை ரொம்பக் குட்டையாக இருந்தால், நீளமான குண்டைத் தோட்டாவுக்குள் ஆழமாக அமுக்கி வைக்க வேண்டும். மருந்துக்கான இடம் குறையும், அழுத்தம் ஏறும். ரொம்ப நீளமாக இருந்தால், குண்டு பள்ளத்தைத் தொடுவதற்கு முன் வெறும் இடத்தில் தாவ வேண்டும். லேசாகச் சாய்ந்து உள்ளே நுழைந்தாலும் குறி போச்சு.

அதனால்தான் குண்டை முடிவு செய்த பிறகே ரீமரைத் தொடுவார்கள். பேரலை லேத்தில் மாட்டி, டயல் கேஜ் வைத்து மையம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் யாருக்கும் இந்த அவஸ்தை புரியும். துளைக்குள் ரீமர் ஒரு பக்கம் சாய்ந்தால், அப்புறம் எதை வச்சும் அதைச் சரிக்கட்ட முடியாது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ பேரலோ செய்வது, மாற்றுவது எல்லாம் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குண்டு எங்கே உட்காருகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று ராபின்ஸும் சோதித்துப் பார்த்தார். மருந்திலிருந்து ரொம்பத் தள்ளிக் குண்டை வைத்துச் சுட்டபோது, குண்டு இருந்த இடத்தில் இரும்புக் குழலே பலூன் மாதிரி உப்பிப் பிய்த்துக்கொண்டு போனது. குழல், மருந்து, குண்டு மூன்றையும் தனித்தனியாக யோசிக்கக் கூடாது என்பது அவருக்கு அன்றே தெரிந்த பாடம்.

பாரிஸா, மெட்ராஸா?

இவ்வளவு செய்தவருக்கு இங்கிலாந்தில் நிலையான வேலை ஒன்று அமையவில்லை. 1747-இல் நெதர்லாந்தின் பெர்கன்-ஆப்-ஜூம் கோட்டையைக் காப்பாற்ற உதவ அழைத்தார்கள். அவர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விட்டது.

1749-இல் இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, வட அமெரிக்காவின் அக்காடியா எல்லைத் தகராறைப் பேசித் தீர்க்கும் குழுவில் பாரிஸில் வேலை. இன்னொன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பதவி. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

கம்பெனிக்கு அவர் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. 1746 செப்டம்பரில் புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் சில நாட்களிலேயே வீழ்ந்தது. ஒப்பந்தத்தின்படி 1749-இல்தான் மெட்ராஸ் திரும்பக் கிடைத்தது. கோட்டை இந்த லட்சணத்தில் இருந்தால் அடுத்த போரிலும் இதுதான் கதி என்று கம்பெனிக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் கம்பெனியின் தலைமையிடம் மெட்ராஸில்கூட இல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் இருந்தது.

1749 கிறிஸ்துமஸ் சமயத்தில் ராபின்ஸ் கப்பலேறினார். வானியல் கருவிகள் உட்பட முழுக் கருவித் தொகுப்பையும் கூடவே கொண்டுவந்தார். ஆறு மாதத்துக்கும் மேல் கடல் பயணம். 1750 ஜூலையில் கடலூர் வந்து சேர்ந்தார்.

கடலூரில் அந்த ஒரு வருடம்

அவர் இறங்கியது கொதித்துக்கொண்டிருந்த மண்ணில். ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலி ஒரு பக்கம், சந்தா சாகிப் மறு பக்கம். முகமது அலிக்குக் கம்பெனி துணை, சந்தா சாகிப்புக்குப் பாண்டிச்சேரியின் டூப்ளே துணை. கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே 20 கிலோமீட்டர் சொச்சம்தான்.

ராபின்ஸ் வந்ததும் வேலையைத் தொடங்கினார். புனித டேவிட் கோட்டைக்கும் மெட்ராஸ் கோட்டைக்கும் புதிய அரண் திட்டங்கள் வரைந்தார். செப்டம்பரில் காய்ச்சல் வந்து படுத்தார், எழுந்தார். ஆனா உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1751-இல் மறுபடி விழுந்தார். கடைசி நாட்களில்கூடக் கம்பெனிக்கான அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஜூலை 29 அன்று உயிர் பிரிந்தது. இந்தியாவில் அவர் இருந்தது ஒரே ஒரு வருடம்.

அடுத்த மாதமே, ஆகஸ்ட் 26 அன்று, ராபர்ட் கிளைவ் மெட்ராஸிலிருந்து ஆற்காட்டுக்குப் புறப்பட்டார். கம்பெனி வியாபாரியிலிருந்து ஆட்சியாளராக மாறும் கதை அங்கிருந்துதான் வேகமெடுக்கிறது. ராபின்ஸின் கணக்கு வெறும் கணக்காகவே நின்றுவிடவில்லை என்பதை மறக்க முடியாது. அவர் வந்தது அறிவியல் ஆராய்ச்சிக்கு இல்லை. இந்த மண்ணில் கம்பெனி காலூன்றக் கோட்டை கட்டிக் கொடுக்க வந்தார்.

அவர் இறந்த புனித டேவிட் கோட்டை 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்து தகர்க்கப்பட்டது. மெட்ராஸ் கோட்டையில் அவருக்குப் பின் வந்த பொறியாளர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 1758 டிசம்பரில் லாலி அங்கே முற்றுகை போட்டபோது, 1746 போலச் சில நாட்களில் விழவில்லை. 1759 பிப்ரவரியில் லாலிதான் திரும்பிப் போனார்.

அவர் சொன்னதை உலகம் எப்போது கேட்டது?

ரொம்பத் தாமதமாக. 1761-இல் நண்பர் ஜேம்ஸ் வில்சன் ராபின்ஸின் எழுத்துகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஆனால் ராணுவங்கள் ரைஃபிளைப் பெரிய அளவில் எடுத்துக்கொள்ள மேலும் 90 வருடங்கள் ஆயின.

தடை அறிவியலில் இல்லை, நடைமுறையில் இருந்தது. பள்ளத்தில் குண்டு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். அப்படியானால் வாய் வழியாக இடித்து இடித்து ஏற்ற வேண்டும். சாதாரணத் துப்பாக்கிக்காரர் மூன்று முறை சுடும் நேரத்தில் ரைஃபிள்காரரால் ஒரு முறை சுட முடிந்தால் பெரிய விஷயம். போர்க்களத்தில் அது ஆகாது.

1849-இல் பிரெஞ்சு அதிகாரி மினியே ஒரு வழி கண்டார். நீளமான குண்டு, அடியில் குழிவு. ஏற்றும்போது சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும். மருந்து வெடித்ததும் அடிப்பகுதி விரிந்து பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த வழியில் பிறந்தது 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிள். பள்ளம் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

அந்த என்ஃபீல்டு இந்தியாவுக்கு வந்தபோது, கூடவே கொழுப்பு தடவிய காகிதத் தோட்டாவும் வந்தது. குண்டு குழலில் வழுக்கி இறங்கத்தான் அந்தக் கொழுப்பு. மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கிறது என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு தரப்பையும் கொதிக்க வைத்தது. 1857 எழுச்சிக்கு அது ஒரு பொறியாக அமைந்தது. குழலுக்கும் குண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியை எப்படி நிரப்புவது என்ற கேள்வி, ஒரு பேரரசையே ஆட்டிப் பார்த்தது.

மறுபடியும் ஆவடிக்கு வருவோம்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது 1961-இல். அங்கிருந்து வந்த முதல் டாங்கி விஜயந்தா. அதன் 105 மி.மீ. பீரங்கியில் சுருள் பள்ளம் உண்டு. ஆவடியிலேயே இருக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த அர்ஜுனிலும் பள்ளம் தொடர்ந்தது. எதிரி டாங்கி, பதுங்குகுழி, கட்டடம் எனப் பலவற்றையும் தாக்கும் ஒரு வகை வெடிகுண்டைச் சுழலவிட்டுச் சுடுவது நல்லது என்பது அதற்கு முக்கியக் காரணம். இது ராபின்ஸ் சொன்ன வழி.

பீஷ்மாவில் ஏன் பள்ளம் இல்லை? டாங்கியின் கவசத்தைத் துளைக்க இன்று பயன்படுத்துவது ஒல்லியான, ரொம்ப நீளமான ஓர் உலோக அம்பு. நீளம் கூடினால் சுழற்சியும் கூட வேண்டும் என்று பார்த்தோம். ஓர் எல்லைக்கு மேல் அது நடக்காது. அவ்வளவு நீளமான அம்பைச் சுழற்றி நேராக நிறுத்தவே முடியாது. அதனால் வில்லம்புக்கு இறகு வைப்பது போல அதன் வாலில் துடுப்பு வைத்தார்கள். துடுப்பு இருந்தால் சுழற்சி தேவையில்லை. சுழற்சி தேவையில்லை என்றால் பள்ளமும் வேண்டாம். அர்ஜுனிலும் இதே அம்பைச் சுடுகிறார்கள். ஆனால் அதில் ஒரு வழுக்கு வளையம் மாட்டிவிடுகிறார்கள். வளையம் பள்ளத்தோடு சுழலும், அம்பு பெரிதாகச் சுழலாது.

ஆக, இரண்டு டாங்கிகளும் சொல்வது ஒன்றையேதான். எதைச் சுடப்போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள், பிறகு குழலைச் செய். ராபின்ஸ் ரைஃபிளைக் கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கு முன்பே இருந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்பதை அளந்து சொன்னார். அதனால்தான் அவருக்குப் பின் வந்தவர்களால் அதை மாற்றவும், தேவைப்பட்டால் விட்டுவிடவும் முடிந்தது.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்கள், கெடிலம் ஆற்றுப் பக்கம் புனித டேவிட் கோட்டையின் எஞ்சிய மிச்சங்களை இன்றும் பார்க்கலாம். பாயும் குண்டின் மீது காற்று கொடுக்கும் எதிர்ப்பை அளந்த மனிதர் தன் கடைசி அறிக்கையை எழுதியது அந்தக் கடல் காற்றில்தான்.